உச்சு மாமாவின் பல்செட்

சந்திரமௌலிக்குச் சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. இந்த ரகசியம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சந்திரமௌலி. இன்னொருவர், அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, ஜலஜா. மற்றபடி மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும், நடுவில் தி. நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சபாவில் காலடி வைக்கிற அத்தனை பேரும் அவரை மகா ரசிகர் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பினவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோளாறு மனிதரின் வாய்க்குள் இருந்தது.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில், தபால் பிரிவில், ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். வந்த கடிதத்தில் முத்திரை குத்துவது, உள்ளே அனுப்புவது, இதுதான் உத்தியோகம். அவர் ஒரு அபிப்பிராயம் சொல்லி யாராவது திரும்பிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ரிடையர் ஆன அன்று ஒரு ரோஜா மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீடு வந்து சேர்ந்த கையோடு மேல்வரிசைப் பற்களும் ஒவ்வொன்றாக ரிடையர் ஆகிவிட்டன. லஸ்ஸில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வலியுல்லா ஒரு பல்செட் கட்டிக் கொடுத்து, "கொஞ்ச நாள்ல ஈறு சுருங்கும் சார். லூசாவும். அப்ப வாங்க, டைட் பண்ணித் தரேன்" என்றார். ஈறு சுருங்கியது. செட் லூசாயிற்று. சந்திரமௌலிதான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்துவிட்டார். வாய் கொஞ்சம் அசந்து திறந்தால் போதும், செட் கீழே இறங்கும். அவர் நாக்கால் அதை உந்தி மேலே ஏற்றுவார். அப்போது ஒரு சத்தம் வரும். ட்ச்.

சபா வாசனை உள்ளவர்களுக்கு அந்தச் சத்தத்தின் மதிப்பு தெரியும். கச்சேரியில் ஒரு நல்ல இடம் வந்தால் கைதட்டுகிறவர்கள் கடைசி ரகம். 'பலே' என்று கத்துகிறவர்கள் நடு ரகம். அசல் ரசிகன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை இப்படிக் கொஞ்சம் சாய்த்து, ஒரே ஒரு உச்சுக் கொட்டுவான். அந்த ஒரு உச்சுக்காகப் பாடகர்கள் வருஷக்கணக்காகத் தொண்டையைத் தேய்ப்பார்கள்.

அவரைச் சபாவுக்கு விரட்டிவிட்டதே ஜலஜாதான். "ஆத்துல உக்காந்துண்டு சீலிங்கையே பாத்துண்டிருக்கறதுக்கு, சபாவுக்காவது போயிட்டு வாங்கோ. அங்க பாக்கறதுக்கு ஏதாவது நடந்துண்டாவது இருக்கும்" என்றாள். கூப்பிட்டிருந்தால் அவளும் கூடவே வந்திருப்பாள். அவருக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பஸ் பிடித்துத் தனியாகத்தான் போனார். முதலில் மின்விசிறிக்காகவும் கேன்டீன் கீரை வடைக்காகவும்தான் போனார் என்பதை ஒளிப்பானேன். ஆனால் போகப் போக அவருக்கு அது நிஜமாகவே பிடித்துப்போயிற்று. இரண்டாவது மணி அடித்ததும் விளக்கு அணைகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே முன்கூட்டிப் போய் உட்காருவார். நாடகம் என்றால் எங்கேயும் போகாத மாடிப்படி, கதவே இல்லாத வாசலில் அடிக்கிற காலிங்பெல், எல்லாமே பிடிக்கும். கச்சேரி என்றால் தம்பூரா மீட்டுகிற பெண் தூங்காமல் இருக்கப் படுகிற பாடு பிடிக்கும். பாட்டும் பிடிக்கும். என்ன ராகம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மத்தியானம், தி. நகர் நாதவிநோத சபாவில் அது நடந்தது. டிக்கெட் இல்லாத கச்சேரி. பாடினது மாளவிகா என்று ஒரு புதுப் பெண். கேட்டது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம், அதிலும் பாதி பேர் கேன்டீன் திறப்பதற்காகக் காத்திருந்தவர்கள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு இடத்தில் சுற்றிச் சுற்றி இறங்கி வந்து, ஒரே ஸ்வரத்தில் நீளமாக நின்றாள். சந்திரமௌலிக்கு அது சுகமாக இருந்தது. வாய் தானாகத் திறந்தது. செட் இறங்கியது. ட்ச்.

அந்தக் காலி ஹாலில் அது கணீரென்று கேட்டது. மாளவிகா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அதே இடத்துக்குத் திரும்பப் போய், முன்னைவிட இழைத்துப் பாடினாள். இவருக்கு இன்னும் சுகம், வாய் இன்னும் அகலம். ட்ச், ட்ச்.

கச்சேரி முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தாள். "மாமா, அந்தக் கார்வை உங்களுக்குப் பிடிச்சுதுல்ல? நான் பயந்துண்டேதான் போட்டேன்."

கார்வை என்றால் என்னவென்று சந்திரமௌலிக்குத் தெரியாது. பல் லூசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜீவன் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டு எதிரில் நிற்கிறது. மனுஷன் என்ன செய்வார், பாவம்.

"பின்னே?" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அடுத்தடுத்த கச்சேரிகளில் அவர் வாய் திறக்கத் திறக்க, உச்சு விழ விழ, பெயர் பரவியது. 'உச்சு மாமா வந்தாச்சா' என்று வித்வான்கள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சபா காரியதரிசி சண்முகவேல் லாபக் கணக்கில் புலி. அவர் ஒருநாள் சந்திரமௌலியின் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனார். கோடியில் இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. "சார், இனிமே நீங்க பின்னாடி உக்காரவே கூடாது. இது உங்க இடம். நாடகமோ கச்சேரியோ, நேரா வந்து உக்காந்துடுங்க. நீங்க உச்சுக் கொட்ற சபான்னு நமக்கு ஒரு பேரு வந்துட்டுது."

ஆபீசில் கை ஒடிந்த நாற்காலியைத்தான் கடைசிவரை கொடுத்தார்கள். இங்கே வெல்வெட் சோபா. சந்திரமௌலி அதில் உட்கார்ந்த அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாடகக்காரர்களையும் அந்தப் பல்செட் விட்டுவைக்கவில்லை. ஒரு குடும்ப நாடகத்தில் அப்பா வேஷக்காரர் ஈசிசேரில் சாய்ந்து உயிரை விட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு உச்சு. தன் நடிப்பில் பெரியவர் உருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்த நடிகர், போன உயிரைத் திரும்ப வாங்கி, பெரிய மகனுக்கு ஒரு புத்திமதி, சின்ன மகனுக்கு ஒரு புத்திமதி, சம்பந்திக்கு ஒரு மன்னிப்பு என்று சாவை இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் திரை இழுக்கிறவர் பொறுமை போய் இழுத்து மூடிவிட்டார்.

சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர்தான். இரண்டாம் வரிசையில், சோபாவுக்கு நேர் பின்னால் உட்காருகிற கல்யாணராமன். காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தொடை சிவக்கச் சிவக்கத் தாளம் போடுவார். ஒருநாள் கேன்டீனில் சந்திரமௌலியை மடக்கினார்.

"ஓய், எனக்கு ஒண்ணு சொல்லும். நேத்திக்கு ஒரு உச்சுக் கொட்டினீரே, அப்போ அந்தப் பையன் பாடவே இல்லை. தம்பூராவைத் திருகிண்டிருந்தான்."

சந்திரமௌலி வடையை நிதானமாக மென்று முடித்தார். பிறகு, "அதைத்தான் ஓய் ரசிச்சேன். சுருதி சேர்க்கறதுலயே எல்லாம் வந்துடறது. அப்புறம் பாடறதெல்லாம் உபரி" என்றார்.

அந்த வாக்கியம் மறுநாளே மூன்று சபாக்களில் சுற்றியது. யாரோ பெரிய மேதை சொன்னதாக அது சந்திரமௌலியின் காதுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இந்த வருஷ மார்கழிக்கு முன்னால் ஒரு நாள் மாளவிகா, தட்டில் பழம் வெற்றிலையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மாமா, இந்த வருஷம் எனக்கு சாயங்காலக் கச்சேரி குடுத்திருக்கா. டிக்கெட் வெச்சு. நன்னா அமைஞ்சா வருஷா வருஷம் சாயங்காலம்தான்னு சண்முகவேல் சார் சொல்லிட்டார். அமையலேன்னா பழையபடி மத்தியானம். அப்பா வேற, இந்த வருஷத்தோட பாத்துட்டு பேங்க் பரீட்சை எழுதுன்னு சொல்லிட்டார்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "நீங்க அந்த சோபாவுல உக்காந்திருந்தா போறும் மாமா. உங்க உச்சு ஒண்ணு காதுல விழுந்தாத்தான் எனக்குத் தொண்டையே திறக்கறது. மாமி, நீங்களும் அவசியம் வரணும்."

ஜலஜா காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடடா, என்ன மாமி இது, அமிர்தமா இருக்கே" என்றாள். ஜலஜா அங்கேயே கொஞ்சம் கூடுதலாக நின்றாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் நின்றாள். சந்திரமௌலி அதைக் கவனிக்கவில்லை. காபி விஷயத்தில் அவர் எதையும் கவனிக்கிறவர் அல்ல.

மாளவிகா போனதும் ஜலஜா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஏன்னா, அந்தக் குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்கோ. பல்லு ஆடறதை நம்பிண்டு அது கச்சேரி பண்ணப் போறது."

"இப்போ சொன்னா அவளுக்குத் தைரியம் போயிடும்டி. கச்சேரி முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

"சொல்லவே மாட்டேள்" என்று சொல்லிவிட்டு ஜலஜா உள்ளே போனாள். அவள் சொன்னதுதான் சரி. அந்த சோபாவை விடுகிற உத்தேசம் சந்திரமௌலிக்கு அணுவளவும் இல்லை.

கச்சேரி தினத்தன்று காலையில், பல்செட்டைக் கழுவும்போது கை வழுக்கிவிட்டது. அது வாஷ்பேசினில் விழுந்து, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோவில் லஸ்ஸுக்கு ஓடினார். டாக்டர் வலியுல்லா துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒட்டிக் குடுத்துர்றேன் சார். உள்பக்கமும் புதுசா லைனிங் போட்டு டைட் பண்ணிர்றேன்."

"அது வேண்டாம் டாக்டர்," என்றார் சந்திரமௌலி, பொக்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு. "லூசாவே இருக்கட்டும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், எவ்ளோ வருசமா பல்லு கட்டினு இருக்கேன். ஆடுது, கழண்டு வருது, டைட் பண்ணுங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. லூசா வுடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். வெளிய சொல்லாதீங்க, என் பேரு கெட்டுரும்."

காரணத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. டாக்டரும் அவர் பேச்சைக் கேட்காமல் டைட் பண்ணியே விட்டார்; மத்தியானம் போய் வாங்கிப் போட்டுக்கொண்டபோது செட் பாறை மாதிரி கவ்விக்கொண்டது. "இனிமே கரும்பே கடிக்கலாம்" என்றார் டாக்டர் பெருமையாக. "ரெண்டு நாளைக்கு வாய் மரத்தாப்பல இருக்கும். நாக்கு கொஞ்சம் குழறும். அப்றம் பழகிடும்."

வழி நெடுக ஆட்டோவில் சந்திரமௌலி வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். செட் அசையவில்லை. நாக்கை மேலே ஒட்டி வேண்டுமென்றே உச்சுக் கொட்டப் பார்த்தார். குழாயில் தண்ணீர் நின்றுபோன மாதிரி 'ப்ஸ்' என்று ஒரு காற்று வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார், வாந்தி வர்ற மாதிரி கீதா? ஓரம் கட்டவா?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஜலஜாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். "என்னையும்தானே அந்தப் பொண்ணு கூப்பிட்டா" என்றாள். இத்தனை நாளில் அந்த சோபாவின் இன்னொரு பாதியில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஹால் நிரம்பியிருந்தது. மாளவிகா மேடையில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக சோபாவைப் பார்த்தாள். அவர் இருந்தார். கண்ணாலேயே ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு ஆரம்பித்தாள்.

முதல் பாட்டில் ஒரு இடத்தை நன்றாக இழைத்துவிட்டு, ஓரக்கண்ணால் சோபாவைப் பார்த்தாள். சந்திரமௌலி வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தார். சத்தம் இல்லை. இரண்டாவது பாட்டிலும் பார்த்தாள். அவர் 'ப்ஸ்' என்றார். அது அவர் சட்டைக் காலரைத் தாண்டிப் போகவில்லை.

பின்னாலிருந்து கல்யாணராமன் குனிந்தார். "என்ன ஓய், இன்னிக்கு மௌன விரதமா?"

சங்கதி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. உச்சு மாமா உச்சுக் கொட்டவில்லை. அப்படியென்றால் ஏதோ சரியில்லை. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். வழக்கமாகத் தனி ஆவர்த்தனம் வந்தால், அதுதான் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற நேரம், கூட்டம் கேன்டீனுக்கு எழுந்திருக்கும். அன்றைக்கு அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்த சண்முகவேல் எழுந்து போகிற முதுகுகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

மாளவிகா தோடி ஆலாபனையைத் தொடங்கினாள். அன்றைய கச்சேரியின் பெரிய ராகம் அதுதான். குரல் பாதியாகிவிட்டிருந்தது. இரண்டு பிடி பிடிப்பாள், பயந்துபோய் விட்டுவிடுவாள், பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிப்பாள். வயலின்காரர் அவள் விட்ட இடத்தை எல்லாம் பொறுக்கி ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்.

சந்திரமௌலி சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். இரண்டு வருஷமாகக் கூசாமல் சொன்ன பொய், இப்போது ஒரு குழந்தையின் குரல்வளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கச்சேரி கவிழ்ந்தால் அந்தப் பெண்ணுக்கு பேங்க் பரீட்சை. தனக்கும் சோபா போய்விடும் என்பது இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. செட்டைக் கழற்றிவிட்டால் ஒருவேளை நாக்குக்கு இடம் கிடைக்கும். ஆனால் முன்வரிசையில், மேடை விளக்கு முகத்தில் அடிக்க, வித்வான்கள் பார்க்க, பொக்கை வாயோடு உட்காருவதா? கை வாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. அவரை அவருக்கே பிடிக்கவில்லை.

"ஜலஜா," என்றார் அவள் பக்கம் சாய்ந்து. "செட்டு அசையலைடி."

"தெரியறது" என்றாள் ஜலஜா, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசாம இருங்கோ. வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோங்கோ."

மேலே மாளவிகா மெதுவாக ஒரு இடத்துக்கு ஏறினாள். நின்றாள். நடுங்கிக்கொண்டே நின்றாள். பழக்க தோஷம், கண் ஓரமாக சோபாவுக்கு வந்தது. ஜலஜா இருமல் வந்தவள்போல் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ட்ச்.

மாளவிகாவின் முதுகு நிமிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தில் மறுபடி நின்றாள், இந்தத் தடவை நடுங்காமல். அங்கிருந்து குரல் கீழே வந்தது பாருங்கள், விசிறிகூடச் சத்தம் போடாமல் சுற்றிற்று. இன்னொரு உச்சு. கேன்டீனுக்குக் கிளம்பினவர்கள் வழியில் நின்றார்கள், நின்றவர்கள் திரும்பினார்கள். மூன்றாவது உச்சு விழுந்தபோது கல்யாணராமன் தொடையில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்திரமௌலி வாயைத் திறந்தபடி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் கச்சேரி யார் தயவும் இல்லாமல் தானாக ஓடியது. தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் வழக்கம்போலப் பாதி ஹால் எழுந்து கேன்டீனுக்குப் போயிற்று. அதை யாராலும் மாற்ற முடியாது.

முடிந்ததும் சண்முகவேல் மைக்கைப் பிடித்து, அடுத்த வருஷமும் இதே சாயங்காலம் இந்தப் பெண்ணுக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாளவிகா ஓடி வந்து இரண்டு பேரையும் விழுந்து சேவித்தாள். "மாமா, வேணும்னேதானே என்னைக் காக்க வெச்சேள்? சுலபமாக் கிடைக்கக் கூடாதுன்னுதானே? நான் அழுதே இருப்பேன்." சந்திரமௌலிக்குத் தொண்டையில் உண்மை வந்து நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஜலஜா, "நன்னா இரு. போய் முதல்ல ஏதாவது சாப்பிடு" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

கல்யாணராமன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், மனசுல வெச்சுக்காம சொல்லிடறேன். இத்தனை நாளா நீர் ஒரு டூப்புன்னு நினைச்சிண்டிருந்தேன். இன்னிக்கு ஒவ்வொண்ணும் இருக்க வேண்டிய இடத்துல இருந்துது. அதுவும் அந்த மூணாவது உச்சு, உச்சியில, தாரஸ்தாயியில, அடடா. அது ஞானம் இல்லாம வராது."

"ஏதோ," என்றார் சந்திரமௌலி.

கேன்டீனில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜலஜா ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் தோசையைத் தொடவில்லை.

"நீ பாட்டுக் கத்துண்டிருக்கியா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எனக்குத் தோடியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"விளையாடாதே. கல்யாணராமனே ஞானம்ங்கறார். சரியான இடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தப் பொண்ணு ஒண்ணைப் பண்ணிட்டு ஓரக்கண்ணால பாத்தா. அவ பாக்கறச்சே குடுத்தேன். இதுல என்ன ஞானம் வேண்டிக் கிடக்கு?" ஜலஜா சட்னியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "முப்பத்தஞ்சு வருஷமா ரசத்தை ஊத்திட்டு உங்க மூஞ்சியை நான் அப்படித்தானே பாத்துண்டு நிக்கறேன்."

சந்திரமௌலி தோசையைப் பார்த்தார்.

"ஒரு உச்சு வந்ததில்லை," என்றாள் அவள், கோபம்கூட இல்லாமல். "ரெண்டு வருஷமா வந்துது. அதுவும் பல்லு போட்ட சத்தம். சாப்பிடுங்கோ, ஆறிப் போறது."

அன்றைக்குப் பஸ்ஸில் அவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். வெல்வெட் சோபா, காரியதரிசி, கல்யாணராமனின் கைகுலுக்கல், எதை நினைத்துப் பார்த்தாலும் இனிக்கவில்லை. ஒரு உச்சுக்காக ஒருத்தி எப்படித் தவிப்பாள் என்று மேடையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதே தவிப்பு தினமும் இரண்டு வேளை தன் தட்டுக்கு எதிரில் நின்றிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிச் சாப்பாடு. கத்தரிக்காய்ச் சாம்பார் ஆயிற்று. ஜலஜா ரசம் விட்டாள். விட்டுவிட்டு, வழக்கம்போல, கரண்டியும் கையுமாக அலமாரியைப் பார்க்கிறவள் மாதிரி ஓரமாக நின்றாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கை மேலே ஒட்டிப் பார்த்தார். ப்ஸ். இன்னொரு வாய். மறுபடியும் ப்ஸ். டாக்டர் வலியுல்லாவின் வேலை லேசுப்பட்டதா?

சந்திரமௌலி இடது கையை வாய்க்குள் விட்டார். செட்டை நெம்பிக் கழற்றினார். தண்ணீர் டம்ளருக்குள் போட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயிற்று, மூக்கு மோவாய்க்கு வந்தது. அந்த முகத்தோடு தலையை நிமிர்த்தி, தட்டில் கையைக் குவித்து இன்னொரு வாய் ரசம் அள்ளிக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ட்ச்.

சமையலறை முழுக்கக் கணீரென்று கேட்டது. ஜலஜா திரும்பி, டம்ளருக்குள் கிடந்த பல்செட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ரசத்துல உப்பே போடலை," என்றாள். "கல்யாணராமன் முதல்ல டூப்புன்னு நினைச்சதுதான் சரி. உங்களுக்கு இடமே தெரியாது."

சொல்லிவிட்டு உப்பு ஜாடியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு கரண்டி ரசம் விட்டாள். விட்டுவிட்டு, இந்தத் தடவை அலமாரியைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.